குப்பை அள்ளும் எந்திரமும் சிரித்த பார்வையாளர்களும்

2008 ஜூனில் வெளியான 'வால்-ஈ' அனிமேஷன் படத்தை வைத்து அமெரிக்காவில் ஒரு சண்டை நடந்தது. பிள்ளைகள் தலையில் இடதுசாரிப் பிரச்சாரத்தை ஏற்றுகிறார்கள் என்று பழமைவாத விமர்சகர்கள் சிலர் கொதித்தார்கள். அதே முகாமைச் சேர்ந்த ராட் டிரெஹர் பாராட்டி எழுதினார். உடல் பருமனையும் பூமியின் அழிவையும் முடிச்சுப் போடுகிறது படம் என்று 'ஸ்லேட்' இதழில் டேனியல் எங்பர் கண்டித்தார். நியாயமான கண்டனம்தான். இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டனோ, சூழலியல் போதிக்க வரவில்லை, காதல் கதைதான் என்றார். ஆஸ்கரும் கிடைத்தது. நுகர்வு, கொழுப்பு, காதல் எல்லாம் பேசினார்கள். கதாநாயகன் குப்பை அள்ளுகிறவன் என்பதில் நின்று பேசிய ஒரு விமர்சனம்கூட என் கண்ணில் படவில்லை.

பூமியைக் குப்பையாக்கிவிட்டு மனிதர்கள் கப்பலேறிப் போய்விடுகிறார்கள். 700 வருஷமாக ஒரு எந்திரம் மட்டும் அள்ளிக்கொண்டிருக்கிறது. அதற்கென்று தனிப் பெயர் கிடையாது; செய்யும் வேலையையும் தரத்தையும் சேர்த்துச் சுருக்கியதுதான் பெயர். கூட உழைத்தவை எல்லாம் துருப்பிடித்துச் செத்துக் கிடக்கின்றன. செத்த ஒன்றின் சக்கரப் பட்டையைக் கழற்றி இது மாட்டிக்கொள்கிறது. உலகமே உருகிய அப்பாவித்தனம் இதுதான்.

துப்புரவுப் பணியாளர் குடியிருப்பு ஒன்றில், மாலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டோம். பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். குப்பையில் கிடைத்த வைர மோதிரத்தை வீசிவிட்டு அதன் டப்பாவை எடுத்து வைத்துக்கொள்கிறது எந்திரம். உலகம் முழுக்கச் சிரித்த இடம். பிள்ளைகளும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு அம்மா சொன்னார்: "நல்ல வேளை, தூக்கிப் போட்டுச்சு. வச்சிருந்தா திருடின்னு ஸ்டேசனுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாங்க." அதற்கப்புறம் அங்கே பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வீதியில் கிடந்ததை எடுத்துக் கொடுக்கப் போய் அடிபட்ட கதைகள் அந்தத் தெருவில் நிறைய உண்டு.

கப்பலுக்குள் மோ என்று இன்னொரு எந்திரம் இருக்கிறது. தரையைத் துடைப்பது அதன் வேலை. வால்-ஈ உள்ளே நுழைந்ததும் 'அந்நிய அசுத்தம்' என்று அலறுகிறது. நம்ம பாஷையில் சொன்னால், தீட்டு. வால்-ஈ நடந்த தடத்தையெல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறது. துப்புரவு செய்கிற ஒன்றே துப்புரவு செய்கிற இன்னொன்றைத் தீட்டாகப் பார்க்கிறது. ஒன்று கப்பலுக்குள் துடைப்பது, மற்றது வெளியே அள்ளுவது. இவற்றுக்கும் கீழே, கப்பலின் அடித்தட்டுக் குப்பைக்கிடங்கில் பூதம் மாதிரி வேறு இரண்டு. படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை எந்திரங்களுக்குள்ளும் வைத்துவிட்டார்கள். தெரிந்து வைத்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. மோவைப் பார்த்துப் பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களே, அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். மோ தனக்குப் போட்ட ஒளிக்கோட்டைத் தாண்டாத எந்திரம். அந்த அழுக்குத் தடத்தைத் தொடரத்தான் முதல்முறையாகக் கோட்டைவிட்டு இறங்குகிறது. கடைசியில் வால்-ஈக்குத் துணையாகவும் ஆகிறது. படத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

படம் முடிந்ததும் எஞ்சினியரிங் படிக்கும் தம்பி ஒருவர், "இதுக்குத்தான் மெசின் வேணுங்கறது, வந்துட்டா பிரச்சன தீர்ந்துச்சு" என்றார். மெசின் வேண்டும், சந்தேகமில்லை. மலம் அள்ள வைப்பதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்த பிறகும் குழிக்குள் நம்ம ஆட்கள் சாகிறார்கள். ஆனால் இந்தப் படத்தில் மெசின் வந்துவிட்டது; அள்ளுகிறவனுக்கான இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தில் இப்போது மெசின் நிற்கிறது. இதைச் சொன்னேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. வாதம் ராத்திரிவரை நீண்டது.

முடிவுக்குச் சற்று முன், நசுங்கிப்போன வால்-ஈயைப் பழுது பார்த்து எழுப்புகிறாள் ஈவ். அதற்கு நினைவு போயிருக்கிறது. ஆசையாய்ச் சேர்த்து வைத்த சாமான்களையே அள்ளி வயிற்றில் போட்டுக் கட்டியாக அமுக்குகிறது. காதலை மறந்துவிட்டதே என்று தியேட்டரில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பயமாக இருந்தது. தன் பொருள், தன் பாட்டு, தன் ஆசை எதுவும் இல்லாமல், வேலை ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற கை. அந்தக் கம்பெனி முதன்முதலில் செய்து அனுப்பியது இதைத்தான். ஈவ் கையைக் கோத்ததும் நினைவு திரும்புகிறது, கொட்டகை நிம்மதியாக மூச்சு விடுகிறது. துருப்பிடித்துக் கிடக்கும் மற்ற ஆயிரம் எந்திரங்களை யாரும் வந்து எழுப்புவதில்லை.