ஆர்ச் கேட்டிலிருந்து கும்பகோணத்துக்கு

நெய்வேலியில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் "சொந்த ஊர் எது?" என்றுதான் கேட்போம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு, முந்திரிக் காட்டுச் செம்மண்ணில் வட்டம் வட்டமாக எழுந்த நகரியம் இது. திருநெல்வேலிக்காரருக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் பாலக்காட்டுக்காரர், எதிரே ஆந்திரக் குடும்பம். எங்கள் வகுப்பும் அப்படித்தான். அங்கேதான் தி. ஜானகிராமனின் 'மோகமுள்' படித்தோம். பாடத்தில் இருந்த நாவல் வேறு. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் தமிழம்மா இதைத் தாமாகவே எடுத்து வருவார்.

அவர் விளக்கம் சொல்லவில்லை. பாத்திரங்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வாய்விட்டு வாசிக்கச் சொன்னார். நாவலின் கும்பகோணத்துப் பேச்சு முதலில் நாக்கில் இடறியது. நாயகன் பாபுவுக்கு நெல்லை வாடை, நாயகி யமுனாவுக்கு மலையாள இழுப்பு. நாலைந்து வாரத்தில் இடறல் நின்றுபோனது. ஜானகிராமன் வசனம் எழுதும்போதே மூச்சு விடும் இடங்களையும் சேர்த்து எழுதிவிடுகிறார். பக்கக்கணக்கில் 'சொன்னான், கேட்டாள்' இல்லாமல் பேச்சு ஓடும். ஆனாலும் யார் பேசுவது என்று ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். கும்பகோணம் கல்லூரியில் படித்தவர், சங்கீதம் கற்றவர், பின்னாளில் வானொலியில் வேலை பார்த்தவர். காதால் எழுதியவர் என்பேன்.

பாபுவைவிட யமுனா பத்து வயது மூத்தவள். மராட்டியத் தாய்க்குப் பிறந்தவள் என்பதாலேயே வரன்கள் தட்டிப்போகின்றன. அவளைத் தெய்வமாக வைத்துப் பார்த்த பாபு ஒருநாள் தன் ஆசையைச் சொல்லிவிடுகிறான்; அவள் மறுக்கிறாள். வறுமை அவளைத் தேய்த்த பிறகு, ஆண்டுகள் கழித்து, தானே இசைகிறாள். அதற்குப் பிறகு அவள் கேட்கும் ஒரு சின்னக் கேள்விக்காகவே இவ்வளவு பெரிய நாவல் என்று எனக்குத் தோன்றும். எங்கள் யமுனா அதை, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோலக் கேட்டாள். குரல் உயர்ந்திருந்தால் அது குற்றச்சாட்டாகியிருக்கும், தழுதழுத்திருந்தால் அழுகையாகியிருக்கும். இரண்டுமில்லாமல் அது விழுந்தபோது வகுப்பில் யாரும் பக்கம் புரட்டவில்லை.

கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம்பெண் தங்கம்மாவின் பகுதியை வாசிக்க மட்டும் யாருக்கும் துணிவில்லை. தமிழம்மாவே வாசித்தார். ரங்கண்ணா பாபுவுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் பக்கங்களோ, எல்லாரும் போட்டியிட்டுக் கேட்டவை. சுருதி என்றால் என்னவென்றே தெரியாத நாங்கள், இரவில் அனல்மின் நிலையத்தின் இரைச்சலை உற்றுக் கேட்கத் தொடங்கியது அந்த வாரத்தில்தான்.

கும்பகோணம் பேருந்துகள் எங்கள் நகரியத்தின் நுழைவாயிலான ஆர்ச் கேட் வழியாகத்தான் போகும். நாவல் முடிந்த மறுநாள் நாலு பேர் ஏறிவிட்டோம். யமுனாவின் துக்காம்பாளையத் தெருவைத் தேடி நடந்தோம். ஒரு திண்ணையில் இரண்டு பாட்டிமார் யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் யமுனா நின்று, கண்ணை மூடிக் கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மூச்சு விட்ட இடங்களிலேயே அவர்களும் விட்டார்கள்.