இரவல் செவிகள்

இராபர்ட் சதே 1813இல் வெளியிட்ட நெல்சன் வரலாறு, ஆங்கில வாழ்க்கை வரலாற்று நூல்களுள் நிலைத்த இடம் பெற்றது. அளவில் சிறியது, நடை தெளிந்தது. தம் நாட்டு வீரரைப் போற்றவே எழுதப் புகுந்த ஆசிரியர், 1799இல் நேப்பிள்சில் அவர் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் கண்டித்திருப்பது இந்நூலின் பெருமை. ஆயினும் அக்கண்டனம் பாதி வழியில் நின்றுவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. எம்மா ஹாமில்டன் அம்மையார்மேல் கொண்ட மயக்கம் வீரரின் அறிவை மறைத்தது என்கிறார் சதே. அம்மயக்கம் எந்த வாயில் வழியே நுழைந்தது? மொழி என்னும் வாயில் வழியே என்பது நம் கருத்து.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படை அதிகாரியாக விரும்பிய சிறுவன் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கப்பலேறினான். பள்ளியில் தொடங்கிய இலத்தீன் அத்துடன் நின்றது. ஆங்கிலிக்கன் குருவானவரின் மகனான நெல்சனும் 1771இல் அவ்வாறே சென்றவர்தாம். 1733இல் போர்ட்ஸ்மத்தில் தொடங்கிய அரச கடற்படைக் கல்விக்கூடத்தில் பிரெஞ்சு கற்பித்தார்கள். ஆனால் அதிகாரிகளுள் பெரும்பாலோர் அதன் படியை மிதித்தவரல்லர். லெப்டினன்ட் பதவிக்கான தேர்வில் பாயும் கயிறும் விண்மீனும் பற்றிய வினாக்கள் உண்டு. வேற்றுமொழி பற்றி ஒரு வினாவும் இல்லை. இத்தகைய வறண்ட நிலத்திலிருந்து காலிங்வுட் போன்ற ஒருவர் தோன்றியது வியப்பே. 1828இல் அச்சேறிய அவருடைய மடல்களைப் படிப்போர், கல்லூரி காணாமல் சிறுவயதில் கடலுக்குச் சென்றவர் எழுதியவை அவை என்று எளிதில் நம்பமாட்டார்கள்.

நெல்சன் முயலாமல் இல்லை. போர் ஓய்ந்த 1783இல், பிரெஞ்சு கற்கவென்றே பிரான்சு நாட்டு சேன்ட் ஓமேர் நகருக்குச் சென்றார். கத்தோலிக்கர் நினைவில் கொள்ளத்தக்க ஊர் அது. தாய்நாட்டுச் சட்டங்கள் கத்தோலிக்கக் கல்விக்குத் தடை விதித்திருந்ததால், கடல்கடந்து வந்த ஆங்கிலச் சிறுவர்க்கு இயேசு சபையார் 1593 முதல் அங்கே இலத்தீனும் கிரேக்கமும் புகட்டினர். 1762இல் அவர்கள் வெளியேற்றப்பட்ட பின்னரும் கல்லூரி தொடர்ந்தது. புனிதர் வரலாறுகளைத் தொகுத்த ஆல்பன் பட்லர் அதன் தலைவராயிருந்து, 1773இல் அங்கேயே மறைந்தார். அந்த ஊரில் நெல்சன் சில வாரங்களே தங்கினார். ஆங்கிலக் குருவானவர் ஒருவரின் மகளிடம் மனம் சென்றது, பிரெஞ்சு கைகூடவில்லை. அங்கிருந்த வேறிரு ஆங்கிலக் கப்பல் தலைவர்கள் தோளணி அணிந்து திரிந்தது பிடிக்காமல், அவர்களோடு பழகவும் மறுத்தார். 1784 தொடக்கத்தில் வெறுங்கையோடு நாடு திரும்பினார்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதன் விலையைக் கொடுத்தவர்கள் வேறு மனிதர்கள். நேப்பிள்சில் பிரெஞ்சுத் துணையோடு எழுந்த குடியரசு 1799 ஜூனில் வீழ்ந்தது. அரசருக்காகப் படை திரட்டி வந்த கர்தினால் ரூஃபோ, கோட்டைகளுக்குள் அடைபட்டிருந்த குடியரசினரின் உயிருக்கு உறுதியளித்து உடன்படிக்கை செய்தார். ஆங்கிலக் கப்பல் தலைவர் ஃபுட் அதில் கையொப்பமிட்டார். 24ஆம் நாள் வளைகுடாவுள் நுழைந்த நெல்சன் அதனை ஏற்க மறுத்தார். மறுநாள் கர்தினால் அவருடைய கப்பலுக்கே சென்று, கொடுத்த வாக்கைக் காக்குமாறு வாதாடினார். ஒருவர் பேச்சை மற்றவர் அறியார். தூதர் ஹாமில்டனும் அவர் மனைவி எம்மாவும் இடையில் நின்று மொழிபெயர்த்தனர். எம்மாவோ அரசி மரிய கரோலினாவின் உற்ற தோழி. அரசியோ கிளர்ச்சியாளர்க்கு இரக்கம் காட்டலாகாது என்றிருந்தவர்.

மொழியறியாமை நெல்சனின் குற்றத்தைக் கழுவிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. உடன்படிக்கை எழுத்தில் இருந்தது; அதில் ஒப்பமிட்ட ஃபுட் ஆங்கிலேயர். அறிந்தே மறுத்தார். ஆனால் முடிவு செய்துவிட்ட மனத்தையும் எதிரே நிற்பவரின் குரல் சில வேளை அசைக்கும். கர்தினாலின் சினமும் மன்றாட்டும் அரசியின் தோழியுடைய நாவைக் கடந்தே நெல்சனை அடைந்தன. ஸ்பானிய, போர்த்துக்கீசிய நூல்களை ஆங்கிலத்தில் தந்த சதே, மொழிபெயர்ப்பாளனின் கையில் எவ்வளவு பொருள் தங்கிவிடும் என்பதை நன்கறிந்தவர். அவரே இதனை எடைபோடாமல் கடந்தது நமக்கு ஏமாற்றமே.

அம்மாத இறுதியிலேயே கடற்படைத் தலைவர் கராச்சோலோ கப்பலின் பாய்மரக் குறுக்குத்தண்டில் தூக்கிலிடப்பட்டார். ஆகஸ்டு 20 அன்று, அரசரின் நீதிமன்றத் தீர்ப்பின்படி, இலத்தீனும் கிரேக்கமும் இளமையிலேயே பயின்ற கவிஞர் எலெயோனோரா ஃபொன்சேக்கா பிமெந்தேலும், வீக்கோ எகுவென்சே ஆயர் மிக்கேலே நத்தாலேயும் தூக்குமேடை ஏறினர். இலத்தீனில் தாவரநூல்கள் எழுதிய மருத்துவர் சிரில்லோவின் முறை அக்டோபரில் வந்தது.

அதே ஆண்டில் அரசர் நெல்சனுக்குச் சிசிலியில் பிரோந்தே கோமகன் என்னும் பட்டத்தையும், மனியாச்சே துறவுமடத்தின் பழைய நிலங்களையும் வழங்கினார். அந்நிலத்தை அவர் ஒருமுறையும் கண்டதில்லை. ஆயினும் 1805இல் திரஃபால்கரில் உயிர் துறக்கும்வரை, தம் பெயரோடு அந்த இத்தாலியப் பெயரையும் சேர்த்தே கையொப்பமிட்டு வந்தார்.