பலிபீடத்து மணவறை

கணினி விளையாட்டொன்றின் கதையைத் தமிழ்ச் சங்க மலரிலே ஆராய்வது தகுமா என்ற வினா எழுதல் இயல்பே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொணர்ந்த காலத்திலே, நாட்டுக்கூத்தும் கற்றோர் கவனத்துக்குரிய கலையென எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கவில்லை. ஒரு கலைவடிவம் எங்கிருந்து வந்தது என்பதிலும், அது மனிதரைப் பற்றி எதனைச் சொல்கிறது, தன்னைச் சுவைப்போரை எந்நிலையில் நிறுத்துகிறது என்பனவே விமர்சகனுக்கு முதன்மையான வினாக்களாகும். அவ்வினாக்களை இவ்விளையாட்டிடமும் கேட்கலாம்.

இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாக அமைந்தது சம்பூரிலே எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு உரையாடல். என் மருமகன் கணினியின் முன் அமர்ந்து ‘டார்க் சோல்ஸ் 3’ என்னும் விளையாட்டில் மூழ்கியிருந்தான். திரையிலே ஒரு கல்மேடை. அதன்மேல் முகம் மூடப்பட்ட ஓர் உருவம். அருகே வாளேந்திய ஒருவன். “மாமா, இவளுக்குக் குத்தினாத்தான் கலியாணம் முடியும்” என்றான். அவ்வழியால் வந்த என் தாயார் திரையைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைக்கு ஆர் அழுதது?” என்று கேட்டார். மருமகனிடம் மறுமொழி இல்லை. அக்கேள்வியே இக்கட்டுரையின் கேள்வியுமாகும்.

1

யப்பானிய நிறுவனமான புரொம் சொப்ட்வெயார், ஹிடெட்டாக்கா மியசாக்கியின் தலைமையில் உருவாக்கி 2016இல் வெளியிட்ட இவ்விளையாட்டு, அணைந்துகொண்டிருக்கும் ஒரு நெருப்பைப் பற்றியது. உலகைத் தாங்கும் அந்நெருப்புக்கு எவராவது தம்மை விறகாக்க வேண்டும். விளையாடுபவர் ஏற்கும் கதாபாத்திரம் இறந்து எழுந்த ஒருவர். அவர் நெருப்பைக் காக்கலாம், அணைய விடலாம், அன்றேல் அதனைத் தமதாக்கிக்கொள்ளலாம். மூன்றாவது வழியே ஈண்டு நமக்குரியது. அவ்வழி ஒரு திருமணத்தின் ஊடாகச் செல்கிறது.

லொண்டோர் என்னும் நாட்டிலிருந்து வந்த யோயல் என்ற முதிய யாத்திரிகன், விளையாடுபவரின் உள்ளுறை ஆற்றலை வெளிக்கொணர்வதாகச் சொல்கிறான். அவன் தரும் ஆற்றல் ஒவ்வொன்றோடும் ஓர் இருட்குறி உடலிலே பதிகிறது. ஐந்து குறிகள் பதிந்தபின் யோயல் இறந்துவிட, யூரியா என்பவள் வந்து விளையாடுபவரைத் தன் அரசராக வணங்கி, அவருக்கொரு வாழ்க்கைத் துணை தேடப்படும் என்கிறாள். அத்துணை அன்ரி என்பதைப் பின்னரே அறிகிறோம்.

அன்ரி இக்கதையின் மிக இனிய பாத்திரங்களுள் ஒன்று. சிறுவரை விழுங்கிய ஒரு கொடிய குருவிடமிருந்து தப்பிய குழந்தைகள் இருவருள் ஒருத்தி. மற்றையவன் பேசாத தோழனான ஹொறேஸ். தம்மைப் போன்ற சிறுவர்க்காகப் பழிதீர்க்கவே இருவரும் பயணஞ் செய்கின்றனர். வழியிலே ஹொறேஸ் பிரிந்து, நினைவிழந்து அழிகிறான். தனித்துப்போன அன்ரி ஒரு கோயிலிலே ஓய்வெடுக்கையில், அருகிலே சிலைபோல் உருமறைத்து நிற்பவன் லொண்டோரின் ஆள். விளையாடுபவர் இதனைக் கண்டுகொள்ளாது போவாராயின், அன்ரியை அடுத்த முறை காண்பது கல்லறையொன்றின் கல்மேடையிலேதான். கையில் ஒரு சடங்கு வாள் தரப்படுகிறது. மூடிய முகத்திலே அதனைப் பாய்ச்சுவதே திருமணம். மேலும் மூன்று குறிகள் சேர்கின்றன. அரசுரிமைக்கு வேண்டிய எண்ணிக்கை நிறைகிறது.

விளையாடுபவர் ஏற்கும் பாத்திரம் ஆணாயின் அன்ரி பெண். பெண்ணாயின் அன்ரி ஆண். ஆகவே இதனைப் பெண்பலியின் கதை என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. மணம் என்பதன் பெயரால் ஒருவரின் உயிராற்றல் மற்றவருக்கு மாற்றப்படுவதே இங்குள்ள பொருள். அன்ரியின் இசைவைக் கேட்கும் ஓர் உரையாடலேனும் கதையில் இல்லை. மணப்பந்தல், உற்றார், வாழ்த்து எதுவும் இல்லை. இறுதியிலே புதிய அரசரின் முன் லொண்டோரின் மக்கள் மண்டியிடுகின்றனர். அன்ரியின் பெயரைச் சொல்வாரில்லை.

2

மணமும் மரணமும் ஒரே மேடையில் கூடுதல் நமக்குப் புதியதன்று. மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களிலே, வைகாசிச் சடங்கின்போது கல்யாணக்கால் நட்டுக் கண்ணகியின் திருமணத்தை நினைவுகூருகின்றனர். வழக்குரை காவியம் படிக்கப்பட்டு, குளிர்த்தியோடு சடங்கு நிறைவுறுகிறது. கல்யாணக்காலைச் சூழ்ந்து நிற்போர் அனைவருக்கும் மதுரை எரியப்போவது தெரியும். தெரிந்துகொண்டே மணத்தைக் கொண்டாடுவதும், பின்னர் அம்மனின் வெம்மையைத் தணிப்பதும் அச்சடங்கின் உட்பொருள்.

எனினும், விளையாட்டின் திருமணத்துக்கு மிக நெருங்கிய தமிழ்க் கதை அரவானின் கதையே. வடமொழிப் பாரதத்திலே அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான், எட்டாம் நாட் போரிலே அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படும் வீரன், அவ்வளவே. களப்பலி என்பது தமிழ்ப் பாரத மரபிலேயே தழைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலே அதனைக் காண்கிறோம். வில்லிபுத்தூரார் அதற்கொரு சருக்கமே வகுத்தார். ஆயின் வில்லிபாரதத்து அரவான் வேண்டும் வரத்திலே திருமணம் இல்லை. போரைக் காணும் விருப்பமே உண்டு. இறக்குமுன் ஒருநாளேனும் மணமகனாக வாழவேண்டும் என்று அவன் கேட்பதும், நாளை கைம்பெண்ணாவதற்கு எப்பெண்ணும் முன்வராமையால் கண்ணனே மோகினியாகி அவனை மணப்பதும் கூத்தும் கோயிலும் வளர்த்த பகுதிகள்.

ஏட்டுப் புலவர் விட்ட இடத்திலே மக்கள் எதனைச் சேர்த்தனர் என்பது விமர்சனத்துக்குரிய செய்தி. வீரத்தைப் புலவர் பாடினார். அவ்வீரனுக்கு அழ ஒருத்தி வேண்டும் என்று மக்கள் கருதினர். மணமாகாத மகனுக்கு மனைவியின் ஒப்பாரி இல்லை. ஆகவே ஒப்பாரிக்காகவே ஒரு திருமணம் செய்துவைத்தனர் எனலாம். மோகினி ஓரிரவு மணமகளாக இருந்ததிலும், மறுநாள் மாரடித்து அழுததே கதையின் உச்சம்.

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்திலே, கூத்தாண்டவர் கோயிற் சித்திரைத் திருவிழாவில் இதனைக் காணலாம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய இரவிலே, பல ஊர்களிலிருந்தும் வந்த திருநங்கையர் பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொள்கின்றனர். நேர்த்திக்கடனாகத் தாலி கட்டிக்கொள்ளும் ஆண்களும் உளர். மறுநாள் அரவானின் தேர் களப்பலிக்குப் புறப்பட்டபின் தாலி அறுக்கப்படுகிறது, வளையல்கள் உடைக்கப்படுகின்றன, வெள்ளைச் சேலை உடுத்தப்படுகிறது. சமூகம் மணமகளாக ஏற்க மறுத்தவர்களே தெய்வத்தின் மணமகளாகவும் கைம்பெண்ணாகவும் நிற்கின்றனர்.

3

இவ்விரண்டையும் ஒப்புநோக்குமிடத்து, வெளித்தோற்ற ஒற்றுமையிலும் வேற்றுமையே நமக்குப் பயன்தருவது. இரு வடிவங்களும் சுவைப்போரை வெறும் பார்வையாளராக விட்டுவைப்பதில்லை. நாவல் படிப்பவர் புத்தகத்தை மூடிவிட்டு ‘நான் கொல்லவில்லை’ என்று சொல்லலாம். விளையாடுபவர் அவ்வாறு சொல்ல முடியாது. வாளைப் பாய்ச்சும் பொத்தானை அழுத்தியது அவரது விரலே. கூவாகத்துக்குச் செல்பவரும் கதையைக் கேட்டுத் திரும்புபவரல்லர். தம் கழுத்திலே தாலியை ஏற்பவர். ஆயின் விளையாட்டு நம்மை ஆதாயம் பெறும் மணமகனின் பக்கத்தில் நிறுத்துகிறது; கூவாகமோ இழக்கும் மணமகளின் பக்கத்தில் நிறுத்துகிறது. ஒன்றிலே உயிரிழந்தவரின் ஆற்றல் எண்ணாக மாறி எஞ்சியவரிடம் சேர்கிறது. மற்றையதிலே உயிரிழந்தவரின் துயர் எஞ்சியவரின் உடலிலே, உடைந்த வளையலாகவும் வெள்ளைச் சேலையாகவும் சேர்கிறது.

இவ்வளவோடு நிறுத்தி, நம் மரபு உயர்ந்தது, அயலார் கதை கொடியது என்று முடித்துவிடுதல் எளிது. அது விமர்சனமாகாது. அரவானின் இசைவு எத்தகையது என்று நாம் கேட்டாகவேண்டும். முப்பத்திரண்டு இலக்கணமும் பொருந்தியவனே பலிக்குரியவன் எனப்படுகிறது. அவ்விலக்கணம் உடையோர் பாண்டவர் பக்கத்திலே கண்ணன், அருச்சுனன், அரவான் ஆகிய மூவர். கண்ணன் இன்றிப் போர் இல்லை. அருச்சுனன் இன்றி வெற்றி இல்லை. எஞ்சியவன், நாககன்னி பெற்றவன், அரண்மனையில் வளராதவன், எவருடைய அரசுரிமைக்கும் வேண்டப்படாதவன். தகுதியால் மூவரும் ஒப்பர்; இழக்கத்தக்கவன் ஒருவனே. முதலிலே துரியோதனன் கேட்டபோதும் அரவான் இசைந்தான் என்பது கதை மரபு. கேட்டவர்க்கெல்லாம் தன்னைக் கொடுக்கும் அப்பிள்ளையின் இசைவைத் தியாகம் என்று புகழுமுன், அதனைக் கேட்டவர்களின் நிலையை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அன்ரியும் அவ்வாறே தெரிவுசெய்யப்பட்டவள். பெற்றோர் இல்லை, தோழன் இல்லை, தேடிவர எவரும் இல்லை. இவ்வகையில் அன்ரியும் அரவானும் உடன்பிறப்புகள். அரியணைகள் எத்தகையோரைத் தமக்குப் பலியாகத் தெரிகின்றன என்பதிலே யப்பானிய விளையாட்டும் தமிழ்ப் பாரதமும் ஒருமித்துச் சாட்சி சொல்கின்றன.

இங்கேதான் விளையாட்டின் கொடுமைக்கும் ஒரு நேர்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. அது பலியை அழகுபடுத்தவில்லை. ஆறுதல் தரும் தெய்வம் எதனையும் அனுப்பவில்லை. நீ அரசனாகியது இவ்வாறே என்று காட்டிவிட்டு மௌனமாகிறது. முதற் குறியை இலவச ஆற்றலாக எண்ணி ஏற்றவர், இறுதியிலே தாம் எங்கே வந்து நிற்கிறார் என்று திடுக்கிடுவாராயின் அது கலையின் வெற்றியே. மாறாக, நம் கதையிலே பலியைத் திட்டமிட்ட கண்ணனே மணமகளாகி அழவும் செய்கிறான். கொலைக்கு வழிவகுத்தவரே இழவும் கொண்டாடினால், குற்றத்தைக் கேட்பார் யார்? மோகினியின் கண்ணீரிலே பாண்டவரின் கணக்கு அழிந்துபோகிறது என்று ஒருவர் வாதிடின், அதனை முற்றாக மறுத்தல் அரிது.

ஆயின் கூவாகத்தில் அழுவோர் கண்ணன் அல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது. கதையிலே தெய்வம் அழுத இடத்தைச் சடங்கிலே ஒதுக்கப்பட்ட மனிதர் எடுத்துக்கொண்டனர். அரவானுக்காக அழும் சாட்டில் தமக்காகவும் அழுகின்றனர். இழக்கத்தக்கவன் என்று கணிக்கப்பட்ட ஒருவனை, இழக்கத்தக்கவர் என்று கணிக்கப்பட்டவர்கள் தம் கணவன் என்று உரிமை கோருகின்றனர். ஆண்டுதோறும் அவன் பெயர் சொல்லப்படுவதால், குருக்ஷேத்திர வெற்றி ஒருநாளும் கறையற்ற வெற்றியாவதில்லை. விளையாட்டிலே இல்லாதது இதுவே. அங்கே குற்றம் காட்டப்படுகிறது. இழப்புக்கு உரியவர் எவரும் இல்லை.

4

என் தாயாரின் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லி முடித்தல் பொருத்தமாகும். கொட்டியார்க் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரின் மக்கள், 2006 ஏப்பிரலிலே விமானக் குண்டுக்கும் எறிகணைக்கும் தப்பி ஊரைவிட்டு வெளியேறினர். பின்னர் அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அனல்மின் நிலையத்துக்கும் முதலீட்டு வலயத்துக்கும் குறித்து ஒதுக்கப்பட்டது. 2015இல் தொடங்கியே மக்கள் கட்டங்கட்டமாக மீளக்குடியேறினர். அனல்மின் திட்டமும் 2016இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்திலே இறந்தோர் பலர். ஊரிலே, உறவினர் சூழச் செய்யவேண்டிய கிரியைகளை அகதிமுகாமிலே செய்து முடித்தோரும் உண்டு. பத்திரகாளி அம்பாளின் முற்றத்திலே கூடி அழ முடியாமற்போன அழுகை அவர்களிடம் இன்னும் எஞ்சியுள்ளது. அத்தகைய ஒருவருக்குத் திரையிலே தெரிந்தது விளையாட்டுமன்று, வாளுமன்று; அழ ஆளில்லாத ஒரு சாவு.

நெருப்புக்கும் நிலத்துக்கும் அரசுக்கும் பலி கேட்கும் குரல்கள் எக்காலத்தும் மங்கலச் சொற்களையே பேசுகின்றன. திருமணம் என்கின்றன; பாதுகாப்பு என்கின்றன; அபிவிருத்தி என்கின்றன. அச்சொற்களின் பின்னே கல்மேடையில் கிடப்பவர் யார் என்று காட்டுவது கலையின் முதற்கடமை. அதனை ‘டார்க் சோல்ஸ்’ செய்துள்ளது. கிடப்பவரைத் தமக்குரியவராக ஏற்று அழுவது சடங்கின் கடமை. அதனைக் கூவாகம் செய்கிறது. அந்த மேடை ஏன் வேண்டப்பட்டது, அதனை அமைத்தோர் யார் என்று கேட்பது மூன்றாவது கடமை. அதனைக் கலையிடமும் சடங்கிடமும் மட்டும் விட்டுவிட இயலாது. அது கற்றோராகிய நம்மைச் சார்ந்தது.

மருமகன் அன்று அவ்விளையாட்டை நிறுத்தவில்லை; நிறுத்தும்படி நானும் சொல்லவில்லை. ஆயின் மறுமுறை தொடக்கத்திலிருந்து ஆடியபோது, கோயிலிலே சிலையாக நின்றவனை அவன் கண்டுகொண்டான் என்று பின்னர் அறிந்தேன்.