வாய்ச் செல்லில் சர்க்கரை நோய் தெரியுமா?

காலில் ஆறாத புண் வந்த பிறகுதான் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. ஊசி என்றாலே ஓடுகிற மனுஷர். அதனாலேயே ரத்தம் எடுக்காமல் சர்க்கரையைக் கண்டுபிடிக்கலாம் என்று எந்த ஆய்வு வந்தாலும் விடாமல் படிப்பேன். போன வாரம் படித்தது வாய்ச் செல் ஆய்வுகள்.

முறை எளிமையானது. கன்னத்தின் உள்பக்கத்தைச் சின்ன பிரஷ்ஷால் லேசாகச் சுரண்டி, ஸ்லைடில் தடவி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். சர்க்கரை நோயாளிகளின் செல்களில் உட்கரு சராசரியாகப் பெரிதாக இருக்கிறதாம். பல ஆய்வுகள் இதையே சொல்கின்றன. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் சிக்கல் அந்த 'சராசரி' என்ற வார்த்தையில்தான். நோய் உறுதியானவர்களை ஒரு பக்கமும் ஆரோக்கியமானவர்களை இன்னொரு பக்கமும் நிறுத்தினால் வித்தியாசம் தெரியத்தான் செய்யும். நாங்கள் சாஃப்ட்வேரில் சுத்தமான டேட்டாவை மட்டும் கொடுத்து டெஸ்ட் செய்வது மாதிரி இது. நிஜத்தில் முகாமுக்கு வருகிறவர் புகையிலை போடுவார், அவருக்கு ரத்தசோகை இருக்கும், வயசும் ஆகியிருக்கும். இவையும் உட்கருவின் அளவை மாற்றக்கூடியவைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4% பேருக்குச் சர்க்கரை நோய். அதாவது 1000 பேரில் 114 பேர். நோய் உள்ளவர்களில் 80%, இல்லாதவர்களில் 80% பேரை இந்தச் சோதனை சரியாகச் சொல்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 91 பேர் மாட்டுவார்கள். கூடவே நோயே இல்லாத 177 பேரும் மாட்டுவார்கள். மீதி 23 பேர் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் பயம் அந்த 23 பேரை நினைத்துத்தான். மாட்டிய 268 பேருக்கும் எப்படியும் ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். அப்புறம் ஊசி எங்கே மிச்சம்?

இத்தனைக்கும் ஊசியே இல்லாத ஒரு வழி சென்னையில் 2005லேயே வந்துவிட்டது. இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்று நாலே விஷயம். 60 மதிப்பெண் வந்தால் ஆபத்து அதிகம். உடனே ரத்தம் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போதே வயது ஐம்பதுக்கு மேல், அதற்கு 30. உடற்பயிற்சி, உடலுழைப்பு எதுவும் கிடையாது, அதற்கு 30. இடுப்பை அளக்காமலே 60 வந்துவிட்டது. மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை. அந்த நாலு கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை, நான் உட்பட.