நீலத்தில் தைத்த சின்னம்

1958 ஜூன் 29. ஸ்டாக்ஹோமை ஒட்டிய சோல்னாவில் ராசுண்டா மைதானம். உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு இறங்கிய பிரேசில் வீரர்கள் உடம்பில் மஞ்சள் இல்லை. ஸ்வீடனில் கடையில் அவசரமாக வாங்கிய நீலச் சட்டையைப் போட்டிருந்தார்கள். மஞ்சள் சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த சின்னத்தை அதன் மார்பில் வைத்துத் தைத்திருந்தார்கள். எதிரணியான ஸ்வீடனுக்கும் மஞ்சள்தான் சொந்த நிறம். அன்று அந்த நிறம் அவர்களுக்குப் போய்விட்டது.

இடது ஓரத்தில் அந்த நீலத்தோடு நின்ற மெலிந்த வீரரின் பெயர் மாரியோ ஸகாலோ. பிரேசிலின் மாற்று ஜெர்சியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள இவர் பின்னால் நடந்தாலே போதும். வெள்ளை வீழ்ந்த நாளிலும், நீலம் வென்ற நாளிலும், அதே நீலம் தோற்ற நாளிலும் மைதானத்தில் இருந்தவர் அவர்.

வெள்ளைக்கு நேர்ந்தது

1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா. அன்று பிரேசிலின் நிறம் வெள்ளை. உலகக் கோப்பையைக் கைப்பற்ற உருகுவேயுடன் டிரா செய்தாலே போதும். ஃப்ரியாசா கோல் அடித்து முன்னிலை தந்தார். அதன்பின் ஸ்கியாஃபினோவும் கிஜ்ஜியாவும் அடித்த கோல்களில் உருகுவே 2-1 என்று வென்றது. சுமார் 2 லட்சம் பேர் திரண்டிருந்த மைதானம் வாயடைத்துப் போனது. ராணுவச் சேவையில் இருந்த 18 வயது ஸகாலோ, பாதுகாப்புப் பணிக்காக அங்கே நின்று அதைப் பார்த்தார்.

தோல்விக்குப் பழி சுமக்க இருவர் கிடைத்தார்கள். ஒருவர் கோல்கீப்பர் பார்போசா. இன்னொன்று அந்த வெள்ளைச் சட்டை. பார்போசா சாகும்வரை அந்தப் பழியோடு வாழ்ந்தார். சட்டையை மாற்றுவது சுலபமாக இருந்தது. 1953-இல் 'கொரேயோ டா மான்யா' நாளிதழ் புதிய சீருடைக்குப் போட்டி அறிவித்தது. நிபந்தனை ஒன்றுதான்: தேசியக் கொடியின் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் இருக்க வேண்டும். வென்றவர் அல்டீர் கார்சியா ஷ்லீ. உருகுவே எல்லையோர ஊரான ஜாகுவாராவோவில் பிறந்த இளம் ஓவியர், மனதளவில் உருகுவே அணியின் ரசிகர். பச்சை ஓரம் வைத்த மஞ்சள் சட்டை, நீலக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. 1954-இல் சிலிக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டங்களில் மஞ்சள் களம் கண்டது.

அதாவது, உலகமே கொண்டாடும் அந்த மஞ்சள் ஒரு பயத்தில் பிறந்தது. நான்கே ஆண்டில், இறுதியாட்டத்துக்கு முன் அதுவும் கையைவிட்டுப் போனபோது பழைய பயம் திரும்பி வந்ததில் வியப்பில்லை. வெள்ளையைப் போடலாம் என்ற பேச்சும் எழுந்திருக்கிறது. 1950-ஐ மறக்காத அணியில் அதை யார் ஏற்பார்கள்?

பிரேசில் குழுவின் நிர்வாகத் தலைவராகப் போயிருந்த பாலோ மஷாடோ டி கர்வால்யோ அங்கேதான் ஆட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீரர்களிடம் நீலம் நல்ல நிறம் என்றார். அபரெசிடா மாதாவின் மேலாடை நிறம் என்றார். 1717-இல் பராய்பா ஆற்றில் மீனவர் வலையில் சிக்கிய சிறு சிலை அந்த மாதா. பிரேசில் நாட்டின் காவல் தெய்வம். பயந்துபோன பதினொரு பேருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ராசுண்டாவில் நடந்தது

நம்பிக்கை மனதைத் தேற்றும். பந்தைக் கால்தான் அடிக்க வேண்டும். நான்காவது நிமிடத்திலேயே லீட்ஹோம் கோல் அடித்து ஸ்வீடனுக்கு முன்னிலை தந்தார். அந்தத் தொடரில் பிரேசில் பின்தங்கியது அதுவே முதல்முறை. மஞ்சளும் இல்லை, முன்னிலையும் இல்லை. அப்போது டிடி வலைக்குள் கிடந்த பந்தை வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக நடுக்களத்துக்கு நடந்தார். கால்பந்து வரலாற்றில் இதைவிடப் பெரிய பேச்சை எந்தப் பயிற்சியாளரும் பேசியதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. வலது ஓரத்தில் கரிஞ்சா ஆளை ஏமாற்றிக் கோல் கோடுவரை போய்த் தாழ்வாகப் பந்தைத் தள்ள, வாவா அடித்தார். 32-ஆவது நிமிடத்தில் அச்சுப் பிசகாமல் அதே கோல் மறுபடியும். இடைவேளைக்குப் பின் 17 வயது பெலே பந்தை மார்பில் தாங்கி, தடுக்க வந்தவரின் தலைக்குமேல் தூக்கிவிட்டு, அது தரையைத் தொடுமுன் வலைக்குள் அடித்தார். நான்காவது கோல் ஸகாலோவுடையது. இறுதி நிமிடத்தில் பெலே தலையால் முட்டி 5-2 ஆக்கினார்.

அன்றைய வெற்றியின் சூட்சுமம் ஸகாலோவின் ஓட்டத்தில் இருந்தது. இடது விங்கர் என்றால் முன்னால் நின்று பந்துக்குக் காத்திருப்பார்கள். இவர் பந்து போனதும் பின்னால் ஓடிவந்து நடுக்களத்தில் மூன்றாவது ஆளாக நின்றார். 4-2-4 என்று எழுதப்பட்ட அணி, தேவைப்பட்டபோது 4-3-3 ஆனது. வலப்பக்கம் கரிஞ்சா விளையாடித் தீர்க்க, இடப்பக்கம் இவர் கணக்குப் பார்த்துக்கொண்டார்.

அன்று நீலம் நிலைத்துவிட்டது. பிரேசிலுக்கு அது அறவே புதிதும் இல்லை. 1938-இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் போலந்தும் வெள்ளையில் வந்ததால், பிரேசில் வெளிர்நீலம் போட்டுக்கொண்டு கூடுதல் நேரத்தில் 6-5 என்று வென்றது. ஆனால் ஒரு நிறத்துக்கு உரிமை கிடைப்பது பெரிய ஆட்டத்தில்தான். 1958 அந்த உரிமையைக் கொடுத்தது.

நெதர்லாந்து என்ற உரைகல்

மாதாவின் நிறம் என்றால் எப்போதும் வெல்ல வேண்டுமே? நீலத்தின் உண்மையான மதிப்பெண்ணைப் பார்க்க நெதர்லாந்துடனான மூன்று ஆட்டங்களை வரிசையாக வைத்தால் போதும். மூன்றிலும் பிரேசில் நீலம்.

1974, டார்ட்மண்ட். பிரேசிலின் பயிற்சியாளர் அதே ஸகாலோ. 1970-இல் அவர் கோப்பை வென்ற அணியில் இருந்த பெலே, டோஸ்டாவ், ஜெர்சன் யாரும் இப்போது இல்லை. க்ரைஃபின் நெதர்லாந்து கூட்டமாகப் பாய்ந்து பந்தைப் பறித்தது. தற்காப்பு வரிசை மொத்தமாக முன்னேறி எதிரியை ஆஃப்சைடில் தள்ளியது. பிரேசில் பதிலுக்குக் காலைத்தான் அடித்தது. நீஸ்கென்ஸ், க்ரைஃப் கோல்களில் 2-0. லூயிஸ் பெரேரா சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார்.

1994, டல்லஸ், கால்இறுதி. பயிற்சியாளர் பரேரா, பக்கத்தில் ஒருங்கிணைப்பாளராக ஸகாலோ. ரொமாரியோ, பெபெட்டோ கோல்களில் 2-0. அப்போதுதான் பிறந்த மகனுக்காகப் பெபெட்டோ கைகளைத் தொட்டில்போல் ஆட்டியது நீலச் சட்டையில்தான். பின்னர் நெதர்லாந்து 2-2 என்று சமன் செய்தது. 1974 அணியாக இருந்தால் அங்கே கொதித்துப்போயிருக்கும். துங்காவும் மௌரோ சில்வாவும் நடுக்களத்தைப் பூட்டிவைத்துக் காத்திருந்தார்கள். 81-ஆவது நிமிடத்தில் பிராங்கோவின் ஃப்ரீகிக் வலையைத் தொட்டது. 3-2.

2010, போர்ட் எலிசபெத். மறுபடியும் கால்இறுதி. இப்போது பயிற்சியாளர் துங்கா. முதல் பாதியில் பிரேசில் அற்புதமாக ஆடியது. ஃபெலிப்பி மெலோ நடுவிலிருந்து அனுப்பிய பாஸில் ரொபின்யோ கோல். இரண்டாம் பாதியில் ஸ்னைடர் தூக்கிப்போட்ட பந்துக்குக் கோல்கீப்பரும் மெலோவும் ஒரே நேரத்தில் எழும்ப, அது வலைக்குள் போனது. அந்த ஒரு கோலில் அணி நிதானம் இழந்தது. ஸ்னைடர் தலையால் இரண்டாவதை அடித்தார். ராபனை மிதித்து மெலோ வெளியேறினார். 2-1.

மூன்று ஆட்டங்களும் ஒரே பாடத்தைச் சொல்கின்றன. அடி விழுந்தபின் என்ன செய்தார்கள் என்பதே முடிவைத் தீர்மானித்தது. 2002-இல் ஷிசுவோகாவில் இங்கிலாந்துக்கு எதிராகவும் பிரேசில் நீலத்தில்தான் ஆடியது. ஓவன் கோலுக்குப் பின் ரிவால்டோ சமன் செய்தார். ரொனால்டினியோவின் ஃப்ரீகிக் சீமன் தலைக்குமேல் இறங்கியது. சில நிமிடங்களில் ரொனால்டினியோ சிவப்பு அட்டை பெற்றபோதும் பத்துப் பேர் பந்தைப் பதறாமல் சுற்றி வந்து ஆட்டத்தை முடித்தார்கள். டிடி நடந்த அந்த நடை 1994-இலும் 2002-இலும் தெரிந்தது. 1974-இலும் 2010-இலும் காணாமல்போனது.

நிறத்தை யார் தீர்மானிப்பது?

2023 ஜூனில் பார்சிலோனாவில் கினிக்கு எதிராகப் பிரேசில் முதல்முறையாகக் கறுப்பில் இறங்கியது. தன் வீரர் வினிசியஸ் மீதான இனவெறித் தாக்குதல்களை எதிர்த்து முதல் பாதி முழுக்க அந்தச் சட்டை, அதன்பின் மஞ்சள். அதற்கு ஒரு காரணம் இருந்தது, மக்கள் புரிந்துகொண்டார்கள். 2025 ஏப்ரலில், 2026 உலகக் கோப்பைக்கு நீலம் போய்ச் சிவப்பு வரப்போகிறது என்று செய்தி கசிந்தபோது பிரேசில் கொந்தளித்தது. அரசியல் சாயமும் அதில் கலந்தது. வெளியான படங்கள் அதிகாரப்பூர்வமானவை அல்ல என்று பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு விளக்கம் தந்தது.

அந்தக் கொந்தளிப்பை வெறும் பழமைவாதம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கொடியின் நடுவில் இருக்கும் வானம் நீலம். ராசுண்டாவின் நினைவு நீலம். சட்டை விற்பவர்களுக்கு ஆண்டுதோறும் புதிது வேண்டும். ரசிகனுக்குத் தன் தாத்தா பார்த்த நிறம் வேண்டும். இந்த இரண்டில் நான் தாத்தாவின் பக்கம்.

ஸகாலோ 2024 ஜனவரியில், 92 வயதில் மறைந்தார். நான்கு உலகக் கோப்பை வெற்றிகளில் பங்கு பெற்றவர். 13 என்ற எண்ணை விடாமல் நம்பியவர். ஆனாலும் 1958-இல் அவர் சட்டையில் மாதாவின் நீலம் இருந்தது என்பதற்காக ஓடாமல் நிற்கவில்லை. தொண்ணூறு நிமிடமும் முன்னும் பின்னும் ஓடினார். கடையில் வாங்கிய துணி அந்த ஓட்டத்தில் நனைந்த பிறகுதான் பிரேசிலின் சட்டை ஆனது.