தட்டிப் பார்க்கும் விரல்

பழைய பிரீமியர் பத்மினி காரை விலை பேசுமுன் நாம் கூட்டிவரும் மெக்கானிக், பளபளக்கும் பெயின்டை ஏறிட்டும் பார்ப்பதில்லை. தேங்காய் வாங்குபவரைப் போல விரல் முட்டியால் கதவின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகரம் கணீரென்கிறது. பட்டி பூசி மறைத்த இடம் மொத்தென்று அமுங்குகிறது. ஒலி மாறும் இடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடும் அந்தப் பொறுமைதான் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

உள்ளே விரித்த மேட்டைத் தூக்கி, காரின் தரையை ஸ்க்ரூ டிரைவரால் மெல்லக் குத்துகிறார், துரு பொலபொலவென்று உதிர்கிறதா என்று. பிறகு பானட்டில் உள்ளங்கையை வைக்கிறார். முன்கூட்டியே சூடாக்கி வைத்த எஞ்சின் உண்மையைச் சொல்லாது. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் கண் புகைக்குப் போகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. அதற்குக்கூட அவர் முகம் சுளிப்பதில்லை, எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். அரித்துப்போன தரைக்குத்தான் உதட்டைப் பிதுக்குகிறார்.