நாவலில் இடம்பெறாத தோழர்

நம் நாவல்களில் இடதுசாரிக் கட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டால், அவருடைய முடிவு என்ன என்பதைப் பத்தாவது பக்கத்திலேயே அநேகமாக ஊகித்துவிடலாம். ஒன்று, போலீஸ் அடிபட்டுச் சாவார். இல்லாவிட்டால் கட்சியைக் காட்டிக்கொடுப்பார். தியாகி ஒரு பக்கம், துரோகி ஒரு பக்கம் என்று ஆட்களைப் பிரித்து வைத்துக்கொண்டு கதை எழுதுவது சுலபம். ஆனால் இந்த இருவருக்கும் நடுவில் இன்னொருவர் உண்டு. 'கொஞ்சம் பொறுத்துப் போவோம், கிடைத்ததைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே கேட்போம்' என்று சொல்லி, இரண்டு பக்கத்திலும் ஏச்சு வாங்கியவர் அவர். அவரைத் தமிழ் நாவல் இன்னும் முகம் கொடுத்துப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அவரை 'மிதவாதி' என்று கூப்பிட்டாலே பாதித் தண்டனை கொடுத்தாயிற்று. மீதித் தண்டனையை நாவலாசிரியர் கொடுத்துவிடுகிறார். அவருக்கு ஒரு தொந்தி, மில் முதலாளியோடு இரகசியமாக ஒரு காப்பி, முடிந்தால் மகனுக்கு ஒரு நல்ல உத்தியோகம். இவ்வளவும் வைத்துவிட்டால், அவர் சொன்ன வாதம் என்ன என்று வாசகர் கேட்கவே மாட்டார்.

உண்மையில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு மதுரையை எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப்பற்று காரணம் அல்ல. இந்தச் சச்சரவின் முக்கியமான கட்டங்கள் சில வைகைக் கரையிலேயே நடந்திருக்கின்றன.

இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் மூன்றாவது காங்கிரஸ் 1953 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1954 ஜனவரி முதல் வாரம் வரையில் மதுரையில் நடந்தது. நேரு சர்க்காரை எவ்வளவு தூரம் எதிர்ப்பது, அதன் அயல்நாட்டுக் கொள்கையை எவ்வளவு தூரம் ஆதரிப்பது என்பதுதான் அந்த நாட்களில் கட்சியைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. அதே 1954ஆம் ஆண்டில் பி. ராமமூர்த்தி கட்சிப் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். சமாதானத்துக்கும் தேச சுதந்திரத்துக்குமாக ஒரு விரிந்த தேசிய மேடை வேண்டும் என்பது அதன் சாரம். பொதுச் செயலாளராக இருந்த அஜாய் கோஷ் அதை மறுத்து எழுதினார். அன்றைய கணக்குப்படி ராமமூர்த்தி நிதானக் கட்சி.

பத்து ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது? 1961இல் விஜயவாடா காங்கிரஸில் கட்சி உடையும் நிலைக்கே வந்துவிட்டது. அஜாய் கோஷ் நடுவில் நின்று, தம் பேச்சினாலேயே அதை ஒட்ட வைத்தார். 1962 ஜனவரியில் அவர் இறந்துபோனார். அந்த ஆண்டே சீனாவுடன் யுத்தம் வந்தது; இடது பக்கத்தார் பலர் சிறைக்குப் போனார்கள். 1964 ஏப்ரல் 11ஆம் தேதி தேசியக் கவுன்சிலிலிருந்து முப்பத்திரண்டு பேர் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர், 1954இல் நிதானம் பேசிய அதே ராமமூர்த்தி. மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவராக இருந்தபோது 1941இல் கைதாகி, பட்டத்தை விட்டுவிட்டுப் போன என். சங்கரய்யா இன்னொருவர். நடுவில் நின்றவர்கள் என்று பேர்பெற்றவர்களில் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடும் ஜோதி பாசுவும் வெளியேறியவர்களோடு போனார்கள்; அதே நடுவில் நின்ற பூபேஷ் குப்தா பழைய கட்சியிலேயே தங்கினார். ஒரே நிதானம் இரண்டு மனிதர்களை இரண்டு வாசல் வழியாக அனுப்பியிருக்கிறது.

மதுரைக்குள்ளேயே பாருங்கள். 1952 தேர்தலில் சிறையில் இருந்தபடியே மதுரை மக்களின் ஓட்டைப் பெற்றுச் சட்டசபைக்குப் போனவர் ராமமூர்த்தி. 1957இல் அதே மதுரையிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர் கே. டி. கே. தங்கமணி, திருமங்கலத்துக்காரர், லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்துவிட்டு வந்து தொழிலாளர் சங்கத்தில் உட்கார்ந்தவர். ஒரே கொடிக்கு உழைத்த இந்த இருவரும் 1964க்குப் பிறகு வேறு வேறு கட்சி. இவர்களில் யாரைத் தியாகி என்பது, யாரைத் துரோகி என்பது?

இதற்கு அடுத்த கட்டம் இன்னும் வேடிக்கை. 1967 தேர்தலில் மார்க்சிஸ்டுகள் தி. மு. க. அணியில் சேர்ந்து நின்றார்கள். ராமமூர்த்தி மதுரைப் பார்லிமெண்டுத் தொகுதியில் வென்றார். சங்கரய்யா மதுரை மேற்கிலும், நாடக மேடையிலிருந்து கட்சிக்கு வந்த கே. பி. ஜானகியம்மாள் மதுரை கிழக்கிலும் வென்றார்கள். அதே அணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. 1952இல் கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று சொன்ன அதே ராஜாஜி. காங்கிரஸோடு சமரசம் கூடாது என்று பிரிந்து வந்தவர்களுக்கும் தேர்தல் என்று வந்தபோது ஒரு சமரசம் தேவைப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அவர்களுடைய மத்தியக் கமிட்டி மதுரையில் கூடி, பீக்கிங்கோடு தங்களுக்குள்ள வேற்றுமைகளை எழுதி வைத்தது. நக்ஸல்பாரியை ஆதரித்தவர்கள் அந்த மதுரைப் பத்திரத்தைச் சமரசவாதம் என்று நிராகரித்தார்கள். மூன்று ஆண்டுக்கு முன் இடது என்று வெளியேறியவர்கள் இப்போது நடுவுக்கு வந்தாயிற்று! அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இடதுபக்கத்தில் புதிதாக வேறு ஆட்கள் வந்து நின்றுகொண்டார்கள்.

சரித்திரம் இவ்வளவு நெளிவு சுளிவோடு இருக்கும்போது நாவல் ஏன் நேர்க்கோடு போட்டுக்கொண்டிருக்கிறது?

'தீர்மானமும் திருத்தமுமாக இருக்கிற விஷயத்தில் கதை எங்கே இருக்கிறது, ஐயா?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கதை மாநாட்டுப் பந்தலில் இல்லை, வயலில் இருக்கிறது. மேலூர்ப் பக்கத்திலோ வாடிப்பட்டிப் பக்கத்திலோ, பெரியாற்றுத் தண்ணீர் பாயும் ஓர் ஊரில் விவசாய சங்கத்துச் செயலாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 1955இல் சாகுபடிதாரரை வெளியேற்றக் கூடாது என்று சட்டம் வருகிறது. 1956இல் நஞ்சை நிலத்தில் விளைச்சலில் நூற்றுக்கு 40 பங்குதான் நிலக்காரருக்கு என்று இன்னொரு சட்டம் வருகிறது. இரண்டும் காங்கிரஸ் சர்க்கார் கொண்டு வந்தவை. செயலாளர் சொல்கிறார்: 'சட்டத்தைக் கையில் எடுப்போம். மனுப் போடுவோம். இந்த ஆண்டு பத்துக் குடும்பமாவது வயலை விட்டு இறங்காமல் இருக்கட்டும்.' சங்கத்து இளைஞன் சொல்கிறான்: 'வாய்மொழிக் குத்தகைக்கு ஏது தாக்கல்? ஆளை மாற்றி ஆளை வைத்தால் உங்கள் சட்டம் என்ன செய்யும்? அறுப்புக்கு அரிவாளோடு இறங்குவோம்; அப்புறம் பேசட்டும்.'

இருவர் சொன்னதும் உண்மை. ரசீது இருந்தவனுக்குச் சட்டம் கைகொடுத்தது. ரசீது இல்லாதவனுக்கு அது வெறும் காகிதம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய ஒரு சட்டம் 1969இல்தான் வந்தது. செயலாளர் பேச்சைக் கேட்டுப் பிழைத்த குடும்பமும் இருக்கும், அதைக் கேட்டுக் காத்திருந்து நிலம் போன குடும்பமும் இருக்கும். இரண்டு குடும்பமும் ஒரே தெருவில் இருந்தால் அதைவிட ஒரு நாவலாசிரியனுக்கு என்ன வேண்டும்? 1964இல் அந்த ஊர்க் கட்சி ஆபீஸில் எந்தப் பத்திரிகையைப் போடுவது என்ற கேள்வியும் வந்திருக்கும். 1937 முதல் இருந்த 'ஜனசக்தி' ஒரு பக்கம். கட்சி உடைவதற்கு முந்திய ஆண்டே பிறந்துவிட்ட 'தீக்கதிர்' ஒரு பக்கம். ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து ஒரே பத்திரிகையைப் படித்தவர்கள் வேறு வேறு பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற தெருவை நான் இன்னும் எந்தத் தமிழ் நாவலிலும் பார்க்கவில்லை.

எழுதப்பட்ட நாவல்களைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் நெசவாளர் வீட்டுப் பட்டினியை நாவலுக்குள் கொண்டுவந்தது. அதற்கு அந்தக் காரியமே பெரிது. டி. செல்வராஜின் 'தோல்' திண்டுக்கல் தோல் ஷாப்புகளின் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்களைச் சங்கமாக எழுப்பிக் காட்டுகிறது. அதன் வலிமை முழுவதும் 'நாம்' என்ற சொல்லில் இருக்கிறது. அந்த 'நாம்' பின்னால் இரண்டாகப் பிளந்தது என்பதை எழுத அந்த நாவலுக்குக் கடமை இல்லை. ஆனால் அதற்கு அடுத்த பாகத்தை யாராவது எழுதியாக வேண்டும்.

இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' கீழ்வெண்மணியை எடுத்துக்கொண்டது. பண்ணையாரின் கொடுமைக்கு அது கண்டுபிடித்த மனோதத்துவக் காரணத்தை இடதுசாரி விமரிசகர்கள் கடுமையாகத் தாக்கினார்கள். எனக்கு இருக்கும் குறை வேறு. நகரத்திலிருந்து வந்த கோபாலின் கோபம் நமக்கு உள்ளிருந்து தெரிகிறது. உள்ளூரில் பொறுமை சொல்லுகிற கட்சித் தோழரின் பொறுமை வெளியிலிருந்துதான் தெரிகிறது. பொறுமைக்கும் ஒரு பழைய காயம் காரணமாக இருக்கலாம் அல்லவா?

ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குரல்' (1999) கட்சிக்குள் நடக்கும் விவாதத்தை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்ட முதல் பெரிய நாவல். தொழிற்சங்கத்து அருணாசலம், கட்சி தன் நினைவிலிருந்தே துடைத்துவிட்ட வீரபத்திர பிள்ளையைத் தேடிப் போகிறார்; தேடல் மாஸ்கோவுக்கும் புகாரினுக்கும் போய்ச் சேருகிறது. பெரிய பயணம்தான். ஆனால் அவ்வளவு உயரத்துக்குப் போன பிறகு கேள்வி இலட்சியமா மனிதனா என்று ஆகிவிடுகிறது. கீழே, நூற்றுக்கு 40 பங்கை வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று சண்டை போட்ட இரண்டு நல்ல மனிதர்கள் பார்வையிலிருந்து மறைந்துபோகிறார்கள். பொன்னீலனின் 'புதிய தரிசனங்கள்' நெருக்கடி நிலைக் காலத்தை எடுத்துக்கொண்டது. அந்த நெருக்கடி நிலையைக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரித்தது. 1978இல் பட்டிண்டா காங்கிரஸில் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. கட்சிக்குப் பக்கத்திலேயே இருந்த ஓர் எழுத்தாளர் இதை எழுதத் துணிந்ததால், நான் கேட்கிற நாவலுக்கு மிகவும் அருகில் வருவது இதுதான்.

வங்காளிகள் இந்த விஷயத்தில் நமக்கு முந்திக்கொண்டார்கள். தாகூர் 1916இல் எழுதிய 'கரே பைரே'யில் நிதானக்காரனான நிகிலேஷைக் கண்ணியமாகப் படைத்தார். ஆனால் தீவிரக்காரனான சந்தீப்பைப் பசப்புக்காரனாக்கிவிட்டார். நம்மவர்கள் செய்த குற்றத்தையே அவர் தலைகீழாகச் செய்தார் என்று சொல்லலாம். அந்தக் குற்றம் இல்லாத நாவல் சதிநாத் பாதுரியின் 'ஜாகரி' (1945). பூர்ணியா சிறையில் ஓர் இரவு. விடிந்தால் மூத்தவனுக்குத் தூக்கு. அவன் காங்கிரஸ் சோஷலிஸ்டு. தகப்பனார் காந்தியவாதி. அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன் கம்யூனிஸ்டான சொந்தத் தம்பி. நால்வரும், தாயார் உட்பட, தத்தம் வாயால் பேசுகிறார்கள். சாட்சி சொன்ன தம்பியின் பகுதியைப் படிக்கும்போதுகூட அவனை வெறுக்க முடிவதில்லை. ஆசிரியர் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் பேசி முடிக்கும் வரையில் நம்மை உட்கார வைக்கிறார். அரசியல் நாவலுக்கு இதைவிடப் பெரிய நேர்மை எனக்குத் தெரியவில்லை.

நமக்கு ஏன் ஒரு 'ஜாகரி' வரவில்லை? திறமைக் குறைவு என்று சொல்ல மாட்டேன். எழுத்தாளர்கள் உட்கார்ந்த இடமும் பிளந்துபோனதுதான் காரணம். ஜீவா 1961இல் தொடங்கிய கலை இலக்கியப் பெருமன்றம் ஒரு கட்சியோடு நின்றது. மதுரையிலிருந்து 1970இல் கிளம்பிய 'செம்மலர்', 1975 ஜூலையில் மதுரையிலேயே பிறந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கம் ஆகிய இரண்டும் மற்றதோடு நின்றன. இரண்டும் நல்ல காரியங்கள் செய்தன. மில் தொழிலாளியையும் கிராமத்து வாத்தியாரையும் பேனா பிடிக்க வைத்தன. ஆனால் எதிர்க் கட்சித் தோழரை மரியாதையோடு எழுதினால் தன் கூடத்தில் முகம் சுளிப்பார்களே என்ற தயக்கம் அங்கே உட்கார்ந்தவனுக்கு இருந்தே தீரும். இதைத் தடையுத்தரவு என்று சொல்ல முடியாது. பேனாவை மேஜைமேல் வைக்கச் செய்வதற்கு இந்தத் தயக்கமே போதும்.

நஷ்டம் இலக்கியத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில் மார்க்சிஸ்டுக் கட்சியின் இருபத்துநான்காவது காங்கிரஸ் மதுரையில் கூடியது. அதற்கு முன்னால் சில மாதங்களாக, இன்றைய மத்திய ஆட்சியைப் பாசிசம் என்பதா, புதிய பாசிசத்தின் குணங்கள் தெரிகின்றன என்று மட்டும் சொல்வதா என்று இடதுசாரிகளுக்குள் வாக்குவாதம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று வெளியாட்கள் சிரித்தார்கள். சொல்லுக்குப் பின்னால் யாரோடு சேருவது, எவ்வளவு தூரம் சேருவது என்ற பழைய கேள்விதான் இருக்கிறது. அதற்காக நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட வீடுகள் இந்த ஊரிலேயே இருந்திருக்கின்றன என்று ஒரு நாவல் சொல்லியிருந்தால், சிரித்தவர்கள் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். சண்டை போட்டவர்களும் சொற்களைக் கொஞ்சம் அளந்து போட்டிருப்பார்கள்.

அன்று வெளியேறிய முப்பத்திரண்டு பேரில் கடைசியாக இருந்தவர்கள் இருவர். சங்கரய்யா 2023 நவம்பரில் காலமானார், வி. எஸ். அச்சுதானந்தன் 2025 ஜூலையில் காலமானார். இனி யாருடைய முகத்துக்காகவும் எழுத்தாளன் பேனாவை இறக்கி வைக்க வேண்டியதில்லை. மதுரைச் சீமையில் பிறந்த யாராவது ஓர் இளைஞர் அந்தச் செயலாளரையும் அந்தச் சங்கத்துப் பையனையும் எழுத உட்காரட்டும். அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்குப் பிடிக்காதவர் யாரோ, அவருடைய அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள், அவர் வாதத்தை அவரே சொல்லியிருந்தால்கூட அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று தோன்றும் வரையில் திருத்துங்கள். மற்றவருடைய அத்தியாயத்துக்கு அப்புறம் வரலாம்.